ஊர் திரும்பு முன் பழைய உழவு இயந்திரம் வாங்குவோருக்கு

வெள்ளவத்தையில் வாடகை அறையிலும் கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டு மேல்மாடியிலும் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ திரும்பத் தயாராகும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்படுகிறது. கூரைத் தகடு, கிணறு இறைத்தல், பிள்ளைகளின் பாடசாலை அனுமதி ஆகியவற்றுக்கு அடுத்ததாகப் பலர் நினைப்பது ஒரு மிசினைத்தான். அது நியாயமான நினைப்பு. வன்னியில் உழவு இயந்திரம் என்பது வயலோடு முடிகிற சாமான் அல்ல. நெல் மூட்டையை ஆலைக்கு ஏற்றியதும், பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், 2008, 2009 இல் வீட்டுக் கதவு, யன்னல், ஓடுகளோடு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு இடம் இடமாக ஓடியதும் அதன் பெட்டிதான். அந்த மிசின்களில் பெரும்பகுதி கடைசியில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் விடப்பட்டது.

இப்போது நீங்கள் வாங்கப்போவது அடகு வைத்த நகையின் காசிலோ, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசிலோ, லீசிங் கம்பனியின் கடனிலோதான். எந்தக் காசானாலும் இரண்டாம் முறை கிடைக்காது. ஆகவே வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து இதை வாசியுங்கள். கணவன் இல்லாமல் குடும்பத்தை நடத்தும் பெண்கள் கட்டாயம் வாசியுங்கள். விற்பவர்கள் உங்களை விட்டுவிட்டு உங்களோடு வந்த ஆண்பிள்ளையிடம்தான் கதைப்பார்கள். கேள்வியை நீங்களே கேளுங்கள். இங்கே சொல்லப்படும் சோதனைகளில் பாதிக்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. கண்ணும் கையும் மூக்கும் போதும்.

உங்கள் காணிக்கு எது வேண்டும்?

மிசின் பார்க்கப் போகுமுன் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பாருங்கள். ஐந்து ஏக்கர் வயல், ஒரு போகத்துக்கு மூன்று உழவு என்றால் பதினைந்து ஏக்கர் உழவு. மழையை நம்பிய காணி என்றால் காலபோகம் மட்டும்தான். இரணைமடு போன்ற குளத்தின் கீழ் இருந்து சிறுபோகத்துக்கும் தண்ணீர் கிடைத்தால் அது முப்பது. இந்த எண்ணை உங்கள் ஊரில் இன்று வாங்கும் உழவுக் கூலியால் பெருக்குங்கள். வருவது நீங்கள் கூலிக்கு உழுவித்தால் ஒரு வருடத்தில் செலவாகும் காசு. பக்கத்தில், மிசினுக்காக வாங்கும் கடனின் ஒரு வருட வட்டியை எழுதுங்கள். வட்டி கூலியைவிடக் கூடினால், அயலவர் காணியையும் கூலிக்கு உழுதால் மட்டுமே அந்த மிசின் தன் சோற்றைத் தானே தேடும். அப்படிக் கூலிக்கு உழ உங்கள் வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருக்கிறாரா? ஊரில் ஏற்கனவே எத்தனை மிசின் நிற்கிறது? முதலில் மீளக்குடியேறிய ஊர்களில் கூலி உழவுக்கு ஆள் பிடிக்க முடியாது. இரண்டு வருடம் கழித்து மிசின்கள் காத்து நிற்கும்.

இரண்டு, மூன்று ஏக்கர் மட்டும் உள்ளவர்களுக்கு எமது அபிப்பிராயம் இது: நாலு சில்லு மிசின் வேண்டாம். லான்மாஸ்ரர் என்று நாம் சொல்லும் இருசில்லு உழவு இயந்திரம் சேற்று வயலையும் தோட்டத்தையும் பார்க்கும், பெட்டி பூட்டினால் சாமானும் ஏற்றும், டீசலும் குறைவு. பல வருடம் தரிசாகக் கிடந்து பற்றை மண்டிய காணியின் முதல் உழவு மட்டும் அதால் ஆகாது. அதற்கு ஒரு நாள் பெரிய மிசினைக் கூலிக்குப் பிடியுங்கள். இந்தியா வடக்கின் விவசாயிகளுக்கென வழங்கிய 500 உழவு இயந்திரங்கள் பொதுப் பயன்பாட்டுக்கானவை. உங்கள் பகுதிக்குக் கிடைத்தது எங்கே நிற்கிறது, எப்படி வாடகைக்கு எடுப்பது என்று கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். அந்தத் தொகுதி மிசின் ஒன்றை யாராவது தனிப்பட்ட முறையில் உங்களுக்கு விற்க வந்தால், எவ்வளவு மலிவென்றாலும் விலகிக்கொள்ளுங்கள்.

சகோதரர்கள் சேர்ந்து ஒரு மிசின் வாங்குவது நல்ல வழி. ஆனால் யார் எவ்வளவு போட்டது, முதல் மழைக்கு யாருடைய வயல் முதலில், உடைந்தால் யார் செலவு என்பதை வாங்குமுன் எழுதிக் கையெழுத்து வையுங்கள். உழவு நாளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் ஈரம் வரும்.

சந்தைக்கு வருகிற மிசின் எங்கிருந்து வருகிறது?

கொழும்பில் இருந்துகொண்டு மிசின் தேடுபவர்களுக்கு அது மூன்று வழியில் வருகிறது.

முதலாவது, குருநாகல், அனுராதபுரம், பொலனறுவைப் பக்கத்து வயல் மிசின்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வரி விளம்பரத்திலும் தரகர் வாயிலும் அதிகம் வருபவை இவைதான். மெசி பெர்கியூசன் 35, 135, 240, இந்தியாவிலிருந்து வந்த டாபே, மகிந்திரா, சொனாலிகா எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலும் பத்திரம் ஒழுங்காக இருக்கும். ஆனால் வருடத்துக்கு இரண்டு போகம் சேற்றில் நின்றவை என்பதால் பின் அச்சுக்குள்ளும் பிறேக்குக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும். சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

இரண்டாவது, வன்னியிலேயே ஓடிய பழைய மிசின்கள். 1990 இலிருந்து 2002 சமாதான காலம் வரை பொருளாதாரத் தடையால் டீசல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து மிசின் ஓட்டியது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த விளையாட்டின் விலையை டீசல் பம்ப் கொடுத்திருக்கிறது. பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் இயந்திரத்தில் உள்ள சி.ஏ.வி. சுழல் பம்புக்கு வேறு ஒயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெய் மெல்லியது, உலோகத்தோடு உலோகம் தேய விட்டுவிடும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறோம்.

மூன்றாவது, 2009 இல் கைவிடப்பட்டு, பின்னர் மணலிலிருந்தும் பற்றையிலிருந்தும் எடுக்கப்பட்டவை, அல்லது அவற்றின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. இவற்றின் உண்மையான சொந்தக்காரர் உயிரோடு எங்கோ ஒரு கிராமத்தில், கையில் வாகனப் புத்தகத்தோடு தன் மிசினைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவரும் உங்களைப்போல் இடம்பெயர்ந்தவர்தான். இன்று நீங்கள் வாங்கி, நாளைக்கு அவர் பொலிசோடு வந்தால், மிசினும் போகும், காசும் போகும், அயலுறவும் போகும். உங்கள் சொந்த மிசின் அந்தக் கரையில் விடப்பட்டிருந்தால், புதிது வாங்க அவசரப்படாமல் முதலில் பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். புத்தகம் தொலைந்திருந்தாலும் பதிவிலக்கம் நினைவிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதன் பதிவு விபரம் இருக்கும்.

பத்திரம்: கொழும்பில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை

மிசினைப் பார்க்கப் போகுமுன் பத்திரத்தைப் பார்ப்பது நல்லது. நல்ல மிசினைக் கண்ணால் கண்டுவிட்டால் மனம் பத்திரத்தை மன்னிக்கத் தொடங்கிவிடும்.

வாகனப் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேளுங்கள். போட்டோப் பிரதியைப் பார்த்து ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அதில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா? இல்லையென்றால் ஏன்? "நான் இன்னொருவரிடம் வாங்கினேன், பெயர் மாற்றவில்லை, உரிமையாளர் கையெழுத்து வைத்த வெறும் படிவம் இருக்கிறது" என்பது மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் பதில். அந்தக் கையெழுத்து வைத்தவர் எங்கே? அவர் இறந்திருந்தாலோ, வெளிநாடு போயிருந்தாலோ, காணாமல் போயிருந்தாலோ அந்தப் படிவம் திணைக்களத்தில் சிக்கலாகும். இறந்தவரின் மிசினென்றால் மரணச் சான்றிதழும் வாரிசுகள் எல்லோரின் சம்மதமும் வேண்டும். மனைவி மட்டும் விற்கச் சம்மதித்து, வளர்ந்த மகன் பிறகு மறுத்தால் உங்களுக்குத்தான் தலையிடி. அற்றோணித் தத்துவம் காட்டி விற்பவரென்றால் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அதே சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு வங்கியின் அல்லது லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்த மிசின் இன்னும் விற்பவருக்குச் சொந்தமில்லை. கடன் முடிந்துவிட்டதென்று அவர் வாயால் சொல்வது போதாது. அந்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். பாக்கிக் காசை நீங்கள் கட்டித் தீர்க்கும் ஒப்பந்தமென்றால், விற்பவரின் கையில் கொடுக்காமல் இருவரும் சேர்ந்து அந்த நிறுவனத்துக்கே போய்க் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள்.

பதிவிலக்கம் கையில் இருந்தால் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி அந்த வாகனத்தின் பதிவு விபரச் சாற்றை எடுக்கலாம். வெள்ளவத்தையில் இருப்பவருக்கு அது ஒரு காலை வேலை. ஊருக்குப் போன பிறகு அதே வேலைக்காக இங்கே வருவதென்றால் நீண்ட பயணம். ஆகவே இதைப் பிற்போட வேண்டாம். சாற்றில் வரும் இயந்திர இலக்கம், சட்ட இலக்கம், உற்பத்தி வருடம், முழு உரிமையாளர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி மிசின் பார்க்கப் போகும்போது கொண்டு போங்கள்.

மிசினில் இலக்கத்தைப் பார்க்கும்போது ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அரம் போட்ட அடையாளம் தாளில் தெரியும். ஒரு எழுத்து மற்றதைவிட ஆழமாக இருந்தாலோ, இலக்கம் உள்ள இடத்தில் மட்டும் புதுப் பெயின்ற் இருந்தாலோ, மெசி பெர்கியூசனில் மானிப் பலகையில் இருக்க வேண்டிய சிறு இலக்கத் தகடு கழன்று ஆணித் துவாரம் மட்டும் இருந்தாலோ விளக்கம் கேளுங்கள். இயந்திரத்தை மாற்றிப் பூட்டுவது குற்றமில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் மாற்றியது திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்கும் தனியாகப் பதிவு உண்டு. மிசினுக்குப் பத்திரம் இருக்க, பெட்டிக்கு எதுவும் இல்லாமல் தலையில் கட்டுவது வழக்கமாக நடக்கும் ஒன்று.

வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று பாருங்கள். பாக்கிக்குத் தண்டம் சேரும், அதை விலையில் கழிக்கலாம். ஓட்டப்போகிறவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் பெரிய மிசினுக்கு ஜி வகுப்பும் இருசில்லுக்கு ஜி1 வகுப்பும் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் அனுமதியோடு மிசின் ஓட்டி வீதியில் ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

மிசினைச் சோதிக்கும் காலை

விடியக் காலை போங்கள். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே போய், முதல் வேலையாக இயந்திரத்தில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆறும்வரை பத்திரத்தைப் பார்த்தபடி காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். மிசினைச் சரிவான இடத்தில் தள்ளிவிடத் தோதாக நிறுத்தியிருந்தால் ஸ்ராற்றரோ பற்றறியோ சரியில்லை என்று ஊகியுங்கள்.

உங்களோடு ஒரு மெக்கானிக் வரட்டும். அவருக்கு அன்றைய கூலியையும் சாப்பாட்டையும் நீங்கள் கொடுங்கள். தரகர் கூட்டி வரும் மெக்கானிக் தரகரின் ஆள்.

இயக்குமுன் மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். டீசல் இயந்திரத்தில் ஒயில் கறுப்பாக இருப்பது பிழையல்ல. பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. பாணி மாதிரித் தடித்த புத்தம்புது ஒயிலென்றால் புகையையும் சத்தத்தையும் மறைக்க ஊற்றியிருக்கலாம். அடுத்தது ரேடியேற்றர் மூடி. இயந்திரம் ஆறியிருக்கும்போது மட்டும் திறவுங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீரின் மேல் ஒயில் படலம் மிதக்கக்கூடாது. சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்காக ஊற்றிய ரேடியேற்றரில் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். அது வயலில் நண்பகலில் கொதிக்கும். மூன்றாவது கியர் பொக்ஸ் ஒயில். மெசி 35, 135 வகைகளில் கியருக்கும் பின் அச்சுக்கும் ஹைட்றோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். அது பால் நிறமாக இருந்தால் சேற்றுத் தண்ணீர் மூன்றையும் ஒன்றாகத் தின்றுகொண்டிருக்கிறது. இது சிறு பழுது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இப்போது விற்பவரையே இயக்கச் சொல்லுங்கள். நமது வெக்கைக்கு நல்ல டீசல் இயந்திரம் சில சுற்றில் பிடித்துவிட வேண்டும். காற்றுக் குழாயில் பெற்றோல் நனைத்த துணியைக் காட்டி இயக்கினால், கொம்பிரசன் போய்விட்டது அல்லது பம்ப் போய்விட்டது.

புகையைப் பாருங்கள். பிடித்தவுடன் கொஞ்சம் வருவது இயல்பு. ஐந்து நிமிடம் கழித்தும் நீலப் புகை நின்றால் ஒயில் எரிகிறது, றிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. சுமை இல்லாமலே கறுப்புப் புகை தள்ளினால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அது மலிவான பழுது. நொசில் அல்லது பம்பென்றால் மலிவில்லை. வெள்ளைப் புகை நின்றுவிடாமல் வந்து, ரேடியேற்றரிலும் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெற் போயிருக்கலாம், ஹெட்டே வெடித்தும் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளங்கையை மேலே பிடியுங்கள். மெல்லிய ஆவி பரவாயில்லை. அடுப்பூதுவதுபோல் தக் தக்கென்று அடித்துக் கையில் ஒயில் துளி தெறித்தால் இயந்திரத்தைப் பிரித்துச் செய்யும் செலவு உங்களுக்குக் காத்திருக்கிறது.

அரை மணி நேரமாவது வேலை வாங்குங்கள். சும்மா நின்று ஓடுவது வேலையல்ல. கலப்பை பூட்டி உழச் சொல்லுங்கள், அல்லது பெட்டியில் மண் ஏற்றி ஓடச் சொல்லுங்கள். நன்றாகச் சூடேறிய பிறகு இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு ஒயில் அழுத்த மானியைப் பாருங்கள். குளிரில் நன்றாக நின்ற ஊசி சூட்டில் அடிமட்டத்துக்கு விழுந்தால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. மானியே வேலை செய்யாவிட்டால், ஏன் திருத்தவில்லை என்று கேளுங்கள்.

அடுத்தது, மண்ணெண்ணெய் குடித்த பம்பைக் காட்டிக்கொடுக்கும் சோதனை. சூடாக இருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்துங்கள். பத்து நிமிடம் விட்டுத் திரும்ப இயக்கச் சொல்லுங்கள். தேய்ந்த பம்ப் காலைக் குளிரில் ஒழுங்காக வேலை செய்யும். சூட்டில் டீசல் இன்னும் மெலிந்து, தேய்ந்த இடைவெளியால் கசிந்து, நொசிலைத் திறக்க அழுத்தம் போதாமல் போகும். ஸ்ராற்றர் சுற்றிக்கொண்டே இருக்கும், இயந்திரம் பிடிக்காது. பம்புக்கு மேல் ஈரத்துணி போட்டுக் குளிர வைத்ததும் பிடித்தால் சந்தேகமே இல்லை. விற்பவர் பற்றறியைக் குறை சொல்வார். பற்றறி பழுதென்றால் காலையிலும் அல்லவா சுற்றாமல் இருந்திருக்க வேண்டும்.

கிளச்சுக்கு ஒரு சோதனை. பிறேக்கை இரண்டு காலுக்கும் சேர்த்துப் பூட்டி அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, குறைந்த வேகத்தில் கிளச்சை மெல்ல விடுங்கள். முன்னால் ஆள் நிற்கக்கூடாது. இயந்திரம் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. கிளச் தட்டு மாற்ற மிசினை நடுவால் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதால் தட்டின் விலையோடு கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஓடி, திடீரென்று வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தடி தானே துள்ளி வெளியே வந்தால் கியர்ப் பல் தேய்ந்திருக்கிறது. பாரம் ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டுச் சரிவில் அப்படித் துள்ளினால் என்ன நடக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். பிறேக்கை இடம், வலம் தனித்தனியாகப் பாருங்கள். பின்சில்லின் உட்பக்கம் ஒயில் வடிந்திருந்தால் அச்சு சீல் போய், பிறேக் சப்பாத்து ஒயிலில் ஊறியிருக்கிறது.

ஹைட்றோலிக்கைக் கலப்பை இல்லாமல் காட்டுவார்கள், வெறும் கை எதையும் தூக்கும். இருப்பதில் பாரமான கலப்பையைப் பூட்டித் தூக்கி, இயந்திரம் ஓடும்போதே விட்டுவிட்டு நின்று பாருங்கள். அது அசையாமல் நிற்க வேண்டும். சில விநாடிக்கு ஒருமுறை தலையாட்டி மேலேறினால் உள்ளே கசிவு. இயந்திரத்தை நிறுத்தியதும் மெல்ல மெல்ல இறங்குவது பழைய மிசினில் இருக்கும். கண்முன்னே சட்டென்று விழுந்தால் விலையைக் குறைக்க வேண்டும். தூக்கிய கலப்பைக்குக் கீழ் கையையோ காலையோ வைக்க வேண்டாம்.

முன் அச்சை ஜக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும் ஆட்டினால் கிங்பின் தேய்வு கையில் தெரியும். ஸ்ரேறிங் எவ்வளவு சும்மா திரும்புகிறது என்றும் பாருங்கள். மணிக்கணக்கு மானியை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம். கிளச் மிதியின் தேய்வும், பெட்டி பூட்டும் துளை வட்டமாக இருக்கிறதா நீண்டிருக்கிறதா என்பதும் உண்மையான வயதைச் சொல்லும்.

ரயர்களில் பின்ரயருக்குத்தான் காசு. பூ உயரமாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தால் வெயிலில் கிடந்த ரயர். உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று காற்று இறக்கித்தான் தெரியும். இரண்டு புதுப் பின்ரயர் என்ன விலை என்று முன்கூட்டியே விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள்.

யுத்தப் பகுதியிலிருந்து வந்த மிசினுக்கு இன்னும் சில உண்டு. ரேடியேற்றர், ஒயில் சம்ப், ரிம், டீசல் தாங்கி ஆகியவற்றில் சன்னமோ செல் துண்டோ துளைத்து ஒட்டிய இடம் இருக்கிறதா? கியர் பொக்ஸ் வார்ப்பில் வெல்டிங் கோடு இருக்கிறதா? வார்ப்பிரும்பில் போட்ட வெல்டிங் பாரத்தில் திரும்ப விடும். உப்புத் தண்ணீரில் கிடந்ததென்றால் கிளச் வீட்டின் அடித்துவாரத்தால் செந்துரு வடியும், வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும்.

இருசில்லும் பெட்டியும்

குபோட்டா, யன்மார் அல்லது சீனத் தயாரிப்பு எதுவானாலும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொம்பிரசன் நெம்பை விட்டதும் கை முறியும் அளவுக்கு எதிர்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் தேய்ந்தது. கைப்பிடியில் உள்ள இரண்டு திருப்பு நெம்புகளும் ஒவ்வொரு பக்கச் சில்லையும் உடனே விடுவிக்க வேண்டும். ஒன்றும் இறுகியிருக்கக்கூடாது. ரொட்டவேற்றர்க் கத்திகள் மலிவு, அதன் செயின் பெட்டி மலிவில்லை. ஒயில் கசிகிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் பலகை உக்கியிருப்பது பெரிய விடயமில்லை. அடிச் சட்டத்தின் வெல்டிங்கும், பூட்டும் கண்ணும், அதன் ஆணியும்தான் உயிர்.

விலை பேசுதல், பாகம், கொண்டு போதல்

நீங்கள் கொழும்பில் இருப்பதன் பெரிய வசதி பஞ்சிகாவத்தை. கொட்டாஞ்சேனையில் இருப்பவர் ஆமர் வீதியால் நடந்தே போகலாம். மிசினைச் சோதித்த பிறகு, விலை முடிக்குமுன், பழுது என்று எழுதிய ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். உண்மையான பாகம், மாற்றுத் தயாரிப்பு, பழையது என்று மூன்று விலை சொல்வார்கள். மெசிக்கும் சென்னையில் செய்யப்படும் டாபேக்கும் பல பாகம் ஒத்துப்போகும், எல்லாம் ஒத்துப்போகாது. கழற்றிய பழைய பாகத்தையே மாதிரிக்குக் கொண்டு போங்கள். விற்பவர் கேட்கும் விலையோடு இந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையையும் வேலைக் கூலியையும் சேர்த்தால் வருவதுதான் மிசினின் உண்மையான விலை. கிளிநொச்சியில் பாகம் கிடைக்காத, அபூர்வமான பெயருள்ள மிசின் மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று இப்போது விளங்கும்.

போட்டோவைக் காட்டி, "இன்றைக்கே முற்பணம் தராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்" என்று வெள்ளவத்தைத் தங்ககத்தின் வாசலில் வந்து நிற்பவருக்குப் பதில் ஒன்றே: அந்த ஆள் எடுக்கட்டும். முற்பணம் கொடுத்தால் முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டில் பதிவிலக்கம், இயந்திர இலக்கம், மொத்த விலை, கொடுத்த தொகை, மீதி கொடுக்கும் நாள், பத்திரம் பிழைத்தால் காசு திரும்பும் என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். மீதியை வங்கி மூலம் கொடுங்கள். பெயர் மாற்றும் விண்ணப்பத்தை விற்பவரோடு சேர்ந்து திணைக்களத்தில் ஒப்படைத்து, அதன் ரசீதை வாங்கிய பிறகே ஊருக்குப் புறப்படுங்கள்.

பழைய மிசினை வீதியால் ஓட்டிக்கொண்டு போக நினைக்க வேண்டாம். லொறியில் ஏற்றி, நான்கு பக்கமும் கட்டி, பத்திரங்களின் மூலப் பிரதியைக் கூடப் போகிறவரின் கையில் கொடுங்கள். வழியில் சோதனை செய்தால் காட்ட வேண்டியிருக்கும்.

ஊரில் இறக்கியதும் முதல் வேலை ஒயில், ஒயில் பில்டர், டீசல் பில்டர் மூன்றையும் மாற்றுவது. முன்னைய சொந்தக்காரர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். மிசினுக்குள்ளோ பெட்டியின் அடியிலோ கருவிப் பெட்டியிலோ இனந்தெரியாத உலோகப் பொருள் ஏதும் இருந்தால் தொடாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கலப்பையை இறக்குமுன் உங்கள் வயல் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணிக்குள் அடங்குகிறதா என்று பிரதேச செயலகத்தில் வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீடு இருக்கும் காணி விடுவிக்கப்பட்டதென்றால் வயலும் விடுவிக்கப்பட்டதென்று அர்த்தமில்லை. பாதையில் ஆட்கள் நடந்து திரிவதும் அத்தாட்சியாகாது, கலப்பை காலடியைவிட ஆழம் போகும்.